எல்லையம்மனும் இடது முழங்கையும்

தினகரனின் இடது முழங்கை முழுசாக நிமிர்கிறதா இல்லையா என்பதுதான் மூன்று வருடமாக அந்தத் தெருவின் தலையாய பிரச்சினை. குடிதண்ணீர் வராதது, தெருவிளக்கு எரியாதது எல்லாம் அதற்கு அப்புறம்தான். பால் வாங்க வந்தவர்கள்கூட அவனை நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்கள்.

தினகரன் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன். சாயங்காலமானால் செவிலிமேட்டில் அந்தோணி மாஸ்டர் நடத்தும் ஜிம்முக்குப் போய் எடை தூக்குவான். ஒவ்வொரு வருடமும் மாவட்டத் தேர்வில் நூற்றிருபது கிலோவைத் தோளுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே உந்தலில் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவான். அந்த உந்தலுக்கு ஜெர்க் என்று பெயர். கூட்டம் கைதட்டும். தலைமை நடுவர் அர்ஜுனன் மட்டும் அசராமல் சிவப்பு விளக்கை அமுக்குவார். கேட்டால், இடது முழங்கை மடங்கியிருக்கிறது என்பார். அர்ஜுனன் ரிட்டயரான டிரில் மாஸ்டர். ஒரு முறை சொன்னதை மறு முறை விளக்கும் பழக்கம் அவருக்குச் சர்வீஸில் இருந்தபோதே கிடையாது.

மூன்று வருடம், மூன்று சிவப்பு. அந்த ஆளுக்குக் கண்ணில் கோளாறு என்று தினகரன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். கண்ணை நம்பித் தீர்ப்பு சொல்வது அநியாயம், மெஷின் வைக்க வேண்டும் என்று சங்கத்துக்கு மனுமேல் மனு போட்டான். நடுவர் என்ற ஜாதியே போட்டியில் இருக்கக் கூடாது என்றுகூட ஒரு மனுவில் எழுதியிருந்தான். அவன் தொல்லை தாங்காமல் சங்கத்துக்காரர்கள் இந்த வருடம் நிஜமாகவே மெஷின் வாங்கிவிட்டார்கள்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மணிக்கட்டிலும் மேற்கையிலும் கட்டிக்கொள்ள நாலு கறுப்புப் பட்டைகள், அவ்வளவுதான். கை எப்படி அசைகிறது, எவ்வளவு மடங்குகிறது, எத்தனை முறை தூக்குகிறது என்பதையெல்லாம் அவை மோப்பம் பிடித்துப் போனுக்குச் சொல்லும். போன் ஒரு பெண் குரலில், மேடையில் பேசுகிற தமிழில், நமக்குச் சொல்லும். தேர்வுக்குப் பத்து நாள் முன்பே கட்டிக்கொண்டு, கழற்றாமல் திரிய வேண்டும். அப்போதுதான் மெஷினுக்கு அந்தக் கை பழகுமாம். கழற்றினால் ஆட்டத்திலிருந்து நீக்கம். மெஷினுக்குப் புரியாத அசைவு ஏதாவது வந்தால் மட்டும் நடுவர் சொல்வதே முடிவு என்று ஒரு விதி இருந்தது. அதையும் எடுக்கச் சொல்லி தினகரன் சண்டை போட்டான். நல்ல வேளையாக அவன் பேச்சை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி. ஜெயிப்பதுகூட அவனுக்கு அப்புறம்தான். தன் கை நேரானது என்று ஒரு தடவை, நாலு பேர் முன்னால், நிரூபணமாக வேண்டும். அது இல்லாமல் செத்தால் கட்டை வேகாது என்று மனைவி சங்கீதாவிடம் சொல்லியிருந்தான். சங்கீதா அதற்கு, முதலில் சாப்பிடு என்று சொல்லியிருந்தாள்.

பட்டை கட்டிய முதல் நாளே மெஷினுக்குத் தலை சுற்றிவிட்டது. கடைக்கு ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. தினகரன் இரண்டு கையாலும் சேலையை உதறி உதறி விரித்தான். போன் ஒவ்வொரு சேலைக்கும், தோள்பட்டைப் பயிற்சி சிறப்பு, மூச்சை வெளியே விடுங்கள் என்றது. பெண்ணின் தாய்மாமன் தனக்குத்தான் சொல்கிறது என்று நினைத்து மூச்சை வெளியே விட்டார்.

அடுத்த நாள் தெருவில் எல்லையம்மனுக்கு ஒன்பது நாள் ஆடித் திருவிழா தொடங்கியது. பல்லக்கின் முன்தண்டில் இடது பக்கம் தினகரன் குடும்பத்துக்கு உரியது. பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு முதல் நாள் மஞ்சள் கயிற்றில் காப்பு கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை கறி மீன் கிடையாது, செருப்பு கிடையாது, அம்மன் எல்லையைத் தாண்டக் கூடாது. பூசாரி நமச்சிவாயம் அவன் கையைப் பிடித்தார். மணிக்கட்டில் பச்சையாக ஒன்று கண் சிமிட்டுவதைப் பார்த்தார்.

"எந்தக் கோயில் காப்புபா இது, லைட்டெல்லாம் எரியுது?"

தினகரன் சங்கம், தேர்வு, மெஷின் என்று விளக்க ஆரம்பித்தான். நாதஸ்வரச் சத்தத்தில் அவருக்கு அது எதுவும் காதில் விழவில்லை. வேறு எவரோ முந்திக்கொண்டு கட்டிவிட்டார்கள் என்று மட்டும் புரிந்தது. எல்லையம்மன் எவருக்கும் கீழே இருக்க மாட்டாள் என்று சொல்லி, பட்டைக்கு மேலேயே மஞ்சள் கயிற்றைச் சுற்றி, இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டு, குங்குமமும் வைத்துவிட்டார். அதிலிருந்து மெஷினும் காப்பும் ஒன்றாகிவிட்டன. ஒன்றைக் கழற்றினால் சங்கம் விடாது. இன்னொன்றைக் கழற்றினால் தெரு விடாது.

பட்டைக்கு தினம் சார்ஜ் ஏற்ற வேண்டும். கழற்ற முடியாததால், கழற்றாமலே ஏற்றினார்கள். காலையில் வாசல் பக்கத்து பிளக்கில் ஒயரைச் செருகி, கையை அதோடு கட்டிப்போட்டதுபோல தினகரன் உட்கார்ந்திருப்பான். ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருந்தால் பட்டைக்குப் பொறுக்காது. கிர்ரென்று உதறும். அவன் தூக்கிவாரிப் போட்டு நிமிர்வான். போன், எழுந்து நடமாடுங்கள் என்று ஆணையிடும். மஞ்சள் கயிறு, குங்குமம், கண் சிமிட்டும் வெளிச்சம், திடீர் உதறல், அசரீரி. இதற்கு மேல் ஒரு தெருவுக்கு என்ன வேண்டும்? மூன்றாம் நாளே குறி கேட்க வரிசை நின்றது. மகளுக்கு முசரவாக்கத்து மாப்பிள்ளையைப் போய்ப் பார்க்கலாமா என்று எதிர்வீட்டு கிருஷ்ணவேணியம்மா கேட்டு முடித்த நேரம் பட்டை உதறியது. எழுந்து நடமாடுங்கள் என்றது. அவர்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கேழ்வரகு மாவோடு நன்றி சொல்ல வந்தார்கள்.

தினகரனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முனையிலும் பல்லக்குத் தண்டைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்கி, கை நீட்டி நிறுத்த வேண்டும். தீபாராதனை முடிந்து கற்பூரம் அணைகிறவரை அம்மன் ஆடக் கூடாது. முதல் நாள் முதல் முனையில் பம்பை மேளம் முழங்கியது, தூக்கினார்கள், கற்பூரம் அணைந்தது, இறக்கினார்கள். சங்கீதாவின் கையில் இருந்த போன், புதிய அசைவு கண்டறியப்பட்டது, பெயர் சூட்டுங்கள் என்றது. அவள் கொஞ்ச நேரம் யோசித்து, 'சாமி தூக்கல்' என்று தட்டினாள். போன் அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டு சொன்னது: சாமி தூக்கல், ஒன்று. இடது முழங்கை நேர். மிக நன்று.

தினகரன் அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டான். மூன்றாம் தடவை கேட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த முனையிலும் நேர், அதற்கடுத்த முனையிலும் நேர். மறுநாளும் நேர். அவன் போனைத் தூக்கிக்கொண்டு ஜிம்முக்குப் போய் அந்தோணி மாஸ்டருக்குக் காட்டினான். கடை முதலாளிக்குக் காட்டினான். சேலை வாங்க வந்த ஆந்திரக்காரர்களுக்கும் காட்டினான். அர்ஜுனன் மூஞ்சியில் இதை எப்படிக் காட்டுவது என்பதைக் கண்ணாடி முன்னால் பழகினான். ஜிம்மில் மட்டும் அந்த வாரம் அவன் தூக்கவில்லை. விரதத்தில் இரும்பைத் தொடாதே, தேர்வு அன்று மட்டும் அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று பூசாரி சொல்லிவிட்டார். அதனால் என்ன, மெஷின்தான் சொல்லிவிட்டதே என்று இருந்தான்.

இடி ஏழாம் நாள் விழுந்தது. தேர்வு நடக்க வேண்டிய பள்ளிக்கூடம் வேறு ஏதோ பயிற்சி வகுப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதால், இடத்தை ஏனாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடையும் ஜிம்மும் எல்லைக்குள் அடங்கும், ஏனாத்தூர் எல்லையம்மன் எல்லைக்கு வெளியே. காப்பு கட்டிய கை அங்கே போகக் கூடாது.

தெரு கூடியது. ஒன்பது நாளும் நல்லபடியாக முடிய இருக்கும்போது ஒரு முழங்கைக்காக அம்மன் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வதா என்று பாதிப் பேர் கேட்டார்கள். அந்த முழங்கை தெருவின் மானம் இல்லையா என்று மீதிப் பேர் கேட்டார்கள். தினகரன் ஒயரைச் சுவரில் செருகியபடி உட்கார்ந்திருந்தான். உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தான். கடைசியில் சங்கீதாதான் வாயைத் திறந்தாள். எல்லை என்பது எது, யார் அளந்தது என்று பூசாரியிடம் கேட்டாள்.

நமச்சிவாயம் தாடியைத் தடவினார். "எங்க அப்பாரு சொல்லுவாரும்மா. ஆத்தா பம்பை எவ்ளோ தூரம் கேக்குதோ, அவ்ளோ தூரம் அவ எல்லை."

"அப்போ பம்பையையும் கூட்டிக்கினு போனா?"

பூசாரி பம்பைக்காரர்களுக்கு ஆள் அனுப்பினார். விஷயம் அதோடு தீர்ந்தது.

தேர்வு அன்று காலையில் குட்டியானை சரக்கு வண்டி ஒன்று வேப்பிலை கட்டிக்கொண்டு கிளம்பியது. பின்னால் இரண்டு பம்பைக்காரர்கள், நடுவில் தினகரன், பக்கத்தில் கற்பூரத் தட்டோடு பூசாரி, போனோடு சங்கீதா. பம்பை ஒரு நொடி நின்றாலும் தினகரன் எல்லைக்கு வெளியே போய்விடுவான் என்பதால் ஒருவர் கை வலித்தால் மற்றவர் எடுத்தார். டீக்கடையிலும் நிறுத்தவில்லை, ஓடுகிற வண்டியிலேயே டீயை ஊற்றிவிட்டார்கள். ஏனாத்தூர்க்காரர்கள் யாரோ பெரிய மனிதர் தவறிவிட்டார் என்று நினைத்து, சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள்.

மண்டப வாசலில் அர்ஜுனன் கையை நீட்டி மறித்தார். எடை தூக்கும் இடத்தில் நிசப்தம் வேண்டும், விதி என்றார். எங்களுக்கும் விதி உண்டு என்றார் பூசாரி. அந்தோணி மாஸ்டர் நடுவில் புகுந்து சமரசம் பேசினார். பம்பை பின்பக்கம், சமையல் கட்டுக்கு வெளியே அடிப்பது, உள்ளே லேசாகக் கேட்டால் போதும் என்று முடிவானது. காதை நன்றாகத் தீட்டிக்கொண்டு கேட்டால் கேட்டது.

ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. முதல் தடவை தினகரன் மேடை ஏறினான். எதிரே நாற்காலியில் அர்ஜுனன், மூன்று வருடமாகக் கனவில் வருகிற அதே முகம். அதையே பார்த்துக்கொண்டு தினகரன் தூக்கினான். நூற்றிருபது கிலோ தலைக்கு மேல் நின்றது. போன் ஒலிபெருக்கியில் பேசியது: ஜெர்க், ஒன்று. இடது முழங்கை மடங்கியுள்ளது. மனம் தளராதீர்கள்.

அர்ஜுனன் சிவப்பை அமுக்கினார். மெஷின் அவருக்கு முன்பே சொல்லிவிட்டதால் அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை.

பட்டை நழுவியிருக்கும் என்றான் தினகரன். நழுவ வழியே இல்லை, மூன்று முடிச்சு என்றார் பூசாரி, சற்றுப் பெருமையாக. இரண்டாம் தடவை பல்லைக் கடித்து, அர்ஜுனனை முறைத்துக்கொண்டு தூக்கினான். ஜெர்க். மடங்கியுள்ளது. மனம் தளராதீர்கள்.

தினகரன் மேடையை விட்டு இறங்கிக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெஷின் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொன்னவன் அவன். அப்படியானால் மூன்று வருடமாக அந்த மனிதர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் கண்ணில் கோளாறு என்று அவன் சொல்லித் திரிந்தபோதெல்லாம் கோளாறு அவன் கையில்தான் இருந்திருக்கிறது.

"அந்தாளு சரியாதான் சொல்லிக்கினு இருந்துருக்காரு, சங்கீதா" என்றான்.

சங்கீதா முந்தானையை எடுத்தாள். அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். பட்டை கிர்ரென்று உதறியது.

அப்போதுதான் மழை பிடித்தது. ஆடி மாதத்து மழை, முன்னறிவிப்பு இல்லாமல் கொட்டியது. பம்பைத் தோல் நனைந்தால் தொளதொளத்துவிடும், சத்தம் எழாது. சத்தம் எழாவிட்டால் எல்லை போச்சு. பம்பைக்காரர்கள் இரண்டு பேரும் அடிப்பதை நிறுத்தாமலே சமையல் கட்டைத் தாண்டி, பந்தி ஹாலைத் தாண்டி, நேரே மேடைக்கு முன்னால் வந்து நின்று அடித்தார்கள். கல்யாண மண்டபத்து எதிரொலியில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. மூன்றாம் வாய்ப்புக்கு தினகரன் பெயரைக் கூப்பிட்டதும் அதே நேரத்தில்தான். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அர்ஜுனன் நிறுத்துங்கள் என்று கத்தினார். அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

தினகரன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மேடைக்குப் போனான். கால் பம்பைக்குத் தக்கபடி தானாக அடி எடுத்து வைத்தது. கம்பியைப் பிடித்தான். தோளுக்கு வந்தது. பம்பை உச்சத்துக்குப் போயிற்று. முழங்கால் ஒரு சின்ன இறக்கம் இறங்கியது, தெருமுனையில் இறங்குகிற அதே இறக்கம். இரும்பு மேலே போயிற்று.

பூசாரி நமச்சிவாயத்துக்கு நாற்பது வருடப் பழக்கம். பம்பை அப்படி அடித்து, எதிரே ஒருவன் கையைத் தலைக்கு மேல் நீட்டினால் அவர் கை சும்மா இருக்காது. கற்பூரத்தைக் கொளுத்தினார். தட்டோடு மேடைக்கு முன்னால் போய் நின்று ஆரத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டார். தினகரனுக்கும் அர்ஜுனனுக்கும் நடுவில் இப்போது பூசாரியின் அகன்ற முதுகும் நிறையப் புகையும் இருந்தன.

அர்ஜுனன் எழுந்து, நாற்காலி மேல் ஏறி, பூசாரியின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இறக்கலாம் என்று கையைக் காட்டினார். தினகரன் இறக்கவில்லை. அவனுக்கு அவர் கை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் இறக்கியிருக்க மாட்டான். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கற்பூரம் எரியும்போது எவன் இறக்குவான்? மற்ற போட்டிக்காரர்கள் வாய் பிளந்து நின்றார்கள். அந்தோணி மாஸ்டர், இறக்குடா, தோள் போயிடும் என்று கத்தி, பயனில்லை என்று தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். கற்பூரம் நீலமாகச் சுருங்கி, துடித்து, அணைந்தது. தினகரன் இரும்பைக் கீழே விட்டான்.

பம்பை தணிந்தது. போன் பேசியது: சாமி தூக்கல், ஒன்று. இடது முழங்கை நேர். மிக மிக நன்று.

சங்கச் செயலாளர் சத்யராஜ் மைக்கை வாங்கினார். போட்டியில் இருப்பது ஸ்னாட்ச், ஜெர்க் இரண்டும்தான், சாமி தூக்கல் என்று ஒன்று உலகத்தில் எங்கும் இல்லை, எனவே இது செல்லாது என்றார். அம்மனைச் செல்லாது என்கிறாயா என்று பூசாரி தட்டோடு அவரை நெருங்கினார். செயலாளர் மைக்கோடு பின்வாங்கினார்.

தினகரன் இவை எதையும் கவனிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, இன்னும் நாற்காலி மேலேயே நின்றிருந்த அர்ஜுனனிடம் போனான். மெஷின் வேண்டும் என்று மூன்று வருடம் மனு போட்ட வாயால், அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.

"சார், மெஷினுக்கு அது இன்னான்னு புரியல. உங்க கண்ணுக்கு இன்னா தெரிஞ்சுது?"

அர்ஜுனன் மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு தீர்ப்புக்கு விளக்கமும் சொன்னார்.

"ஜெர்க்குதான். மூணு வருஷம் மடங்கிக்கினு இருந்துதுபா, அதான் மடங்குதுன்னேன். இன்னிக்கி நேரா நின்னுது."

வெள்ளை விளக்கை அமுக்கினார். தினகரன் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், விக்கி விக்கி அழுதான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கடைசிப் பல்லக்கு. அர்ஜுனனும் தெருவுக்கு வந்திருந்தார். சங்கீதாதான் வீட்டுக்கே போய் அழைத்திருந்தாள். மடித்த வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக முதல் முனையில், எல்லோருக்கும் முன்னால், நல்ல இடமாகப் பார்த்து நின்றார். பம்பை ஏறியது. தண்டு மேலே போயிற்று. தினகரன் தற்செயலாக எதிரே பார்த்தான். அர்ஜுனனின் பார்வை, பழக்க தோஷம், நேரே அவன் இடது முழங்கை மேல் இருந்தது.

அம்மன் இடது பக்கமாகச் சாய்ந்தாள்.

கூட்டத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. சங்கீதாவின் கையில் போன் பேசியது: ஜெர்க், ஒன்று. இடது முழங்கை மடங்கியுள்ளது. பூசாரி தட்டோடு ஒரு அடி பின்னால் போனார். மாலையெல்லாம் ஒரு பக்கமாகத் தொங்கியது. பின்தண்டுக்காரர்கள் கத்தினார்கள்.

அந்தக் கையை மடக்குவது தன் பார்வைதான் என்று அர்ஜுனனுக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. சட்டென்று திரும்பி, அம்மனுக்கு முதுகைக் காட்டி, பூட்டியிருந்த கடையின் ஷட்டரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். கைகளை மட்டும் கூப்பியிருந்தார்.

அம்மன் நிமிர்ந்தாள். போன், சாமி தூக்கல் என்றது. கற்பூரம் அணைகிறவரை அர்ஜுனன் ஷட்டரையே கும்பிட்டுக்கொண்டிருந்தார்.